பூனையின் தண்ணீர் சோற்றுத் தட்டில் இருக்கிறது

கத்திரி தொடங்கிவிட்டால் வேலூரில் பூனை வளர்க்கும் வீடுகளில் எல்லாம் ஒரே பேச்சுதான்: "வெச்ச தண்ணி வெச்சபடியே இருக்கு, குடிக்கவே மாட்டேங்குது." உடனே கிண்ணத்தை மாற்றுவார்கள், ஐஸ் போடுவார்கள், சிலர் பிடித்து வைத்து வாயில் ஊற்றவும் பார்ப்பார்கள். கிண்ணத்தைப் பற்றிச் சொல்லவும் நிறைய இருக்கிறது. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது சாப்பாட்டுத் தட்டை.

வீட்டுப் பூனை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் வழிவந்தது. வறண்ட நிலத்தில் வாழ்ந்த அந்தப் பூனை ஆற்றையும் குளத்தையும் தேடி அலையவில்லை. அது பிடித்துத் தின்ற எலியின் உடம்பில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். இரையோடு தண்ணீரும் உள்ளே போனது. அதற்கேற்றபடி சிறுநீரகம் சிறுநீரைக் கெட்டியாக்கித் தண்ணீரை மிச்சம் பிடிக்கப் பழகியது. தாக உணர்வு மந்தமாகவே நின்றுவிட்டது. அந்த உடம்பை நாம் வீட்டுக்குள் வைத்து, 10 சதவீதம்கூட ஈரமில்லாத உலர் தீனியைப் போடுகிறோம். தின்னும், கொழுகொழுவென்று ஆகும், வெளியில் எதுவும் தெரியாது. உள்ளே சிறுநீர் மட்டும் நாளுக்கு நாள் கெட்டியாகும்.

கணக்குப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 மி.லி. தண்ணீர் தேவை என்று வைத்துக்கொள்ளலாம். 4 கிலோ பூனைக்குச் சுமார் 200 மி.லி. இது குடிப்பதும் உணவில் இருப்பதும் சேர்ந்த அளவு. உலர் தீனி 60 கிராம் தின்றால் அதிலிருந்து கிடைப்பது 6 மி.லி. மட்டும், மிச்சத்தை எல்லாம் நாக்கால் நக்கியே குடிக்க வேண்டும். அது லேசான வேலை இல்லை. பூனை நாக்கு நுனியால் நீர்ப்பரப்பைத் தொட்டுவிட்டுச் சட்டென்று மேலே இழுக்கும். கூடவே எழும்பும் நீர்த்தாரையை வாயை மூடிப் பிடித்துக்கொள்ளும். 2010இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இதை அதிவேகக் கேமராவில் பிடித்து அளந்தார்கள்: நொடிக்குச் சுமார் 4 நக்கு, நக்குக்குச் சுமார் 0.1 மி.லி. 100 மி.லி. குடிக்க ஆயிரம் முறை நக்க வேண்டும். இடைவிடாமல் குடித்தாலும் 4 நிமிடத்துக்கு மேல் ஆகும். எந்தப் பூனை அப்படி நின்று குடிக்கிறது? நாலு நக்கு நக்கும், காது திரும்பும், போய்விடும்.

அதனால் குடிக்க வைக்கப் போராடுவதைவிடத் தின்பதில் தண்ணீரைச் சேர்ப்பதே நிச்சயமான வழி. பாக்கெட்டில் வரும் ஈர உணவில் 75 முதல் 80 சதவீதம் தண்ணீர். நாள் முழுக்க அதையே போட்டால் கிண்ணத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், ஆனால் மாதக் கடைசியில் கட்டுப்படியாகாது. நடுத்தரமான ஒரு கணக்கு இது. 4 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த பூனைக்கு நாளொன்றுக்கு 40 கிராம் உலர் தீனி, 80 கிராம் ஈர உணவு ஒரு பாக்கெட். உலர் தீனியை இரண்டு வேளையாகப் பிரித்து, வேளைக்கு 30 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வையுங்கள். ஈர உணவிலும் 30 மி.லி. தண்ணீர் விட்டுக் குழைத்துவிடுங்கள். இதிலேயே 150 மி.லி. தாண்டிவிடும். மிச்சம் 40, 50 மி.லி.யைப் பூனை தானாகக் குடித்துக்கொள்ளும்.

முதல் நாளே 30 மி.லி. ஊற்றினால் பெரும்பாலான பூனைகள் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். மொறுமொறுப்புக்குப் பழகியது குழகுழப்பை உணவாகவே ஏற்காது. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி.யில் தொடங்குங்கள். மூன்று நாளைக்கு ஒரு டீஸ்பூன் கூட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் முழு அளவுக்கு வந்துவிடலாம். தண்ணீர் கைச்சூட்டில் இருக்கட்டும்; சூட்டில்தான் மணம் எழும், பூனை நாக்கைவிட மூக்கை நம்பிச் சாப்பிடும் பிராணி. ஒதுக்கினால் பட்டினி போட்டுப் பழக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இரண்டு நாள் சாப்பிடாத பூனைக்கு, அதுவும் குண்டான பூனைக்கு, ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். முந்தின அளவுக்குத் திரும்பி வாருங்கள், அவசரமில்லை.

ஊறின தீனி நம் ஊர் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். மே மாதத்தில் அரை மணி நேரம், மிஞ்சினால் முக்கால் மணி நேரம். அதற்குமேல் தட்டில் கிடந்தால் எடுத்துக் கொட்டிவிடுங்கள். காலை ஆறு மணிக்குள் ஒரு வேளை, பொழுது சாய்ந்தபின் ஒரு வேளை என்று வைத்துக்கொண்டால் வீணாகாது. பூனைக்கு இயல்பாகவே பசியும் சுறுசுறுப்பும் வரும் நேரம் அதுதான். எறும்புக்குப் பயந்து தட்டைச் சுற்றி எறும்புப் பொடி தூவுகிறவர்கள் உண்டு. வேண்டாம், பாதத்தில் ஒட்டியதைப் பூனை நக்கிவிடும். அகலமான தாம்பாளத்தில் ஒரு விரல் உயரம் தண்ணீர் விட்டு, அதன் நடுவில் தட்டை வையுங்கள்.

இன்னொரு நல்ல வழி கோழிச்சாறு. கறிக்கடையில் கோழிக் கழுத்தும் எலும்போடு கூடிய தொடைத் துண்டும் கால் கிலோ வாங்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் சிறுதீயில் ஒரு மணி நேரம் வேக விடுங்கள். உப்பு, மஞ்சள், மிளகு எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் கண்டிப்பாகக் கூடாது: இரண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்து இரத்தசோகையை உண்டாக்கும், வெந்தாலும் அந்த நஞ்சு போகாது. வீட்டுக் குழம்பிலிருந்து ஒரு கரண்டி எடுத்து ஊற்றும் பழக்கத்தை இதற்காகவே விட வேண்டும். வெந்ததும் வடிகட்டி, எலும்பை எல்லாம் எடுத்துவிடுங்கள். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். ஆறியபின் ஃபிரிட்ஜில் வைத்தால் மேலே கொழுப்பு உறையும், அதையும் வழித்துவிடலாம். மூன்று நாளைக்குள் தீர்க்க வேண்டும். அதிகமாகச் செய்தால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். ஒரு குழியின் அளவை ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால், வேளைக்கு ஒரு கட்டி என்று கணக்கு சுலபம். இது தண்ணீருக்கான வழி மட்டுமே, முழு உணவு ஆகாது. டாரின் என்ற அமினோ அமிலமும் கால்சியமும் வேண்டிய அளவு இதில் கிடையாது.

மீன் தலையை வேக வைத்த தண்ணீரையும் இப்படியே தரலாம். ஏரிக் கெண்டை மலிவாகக் கிடைக்கிறதே என்று பச்சையாகப் போடாதீர்கள். கெண்டை இனத்தில் உயிர்ச்சத்து பி1ஐ அழிக்கும் ஒரு நொதி இருக்கிறது, வேக வைத்தால்தான் அது செயலிழக்கும். கருவாடு போட்டால் தாகமெடுத்துத் தண்ணீர் குடிக்கும் என்று சொல்லக் கேட்கலாம். குடிக்கும்தான், ஆனால் அந்த உப்பை வெளியேற்றவே அந்தத் தண்ணீர் செலவாகும். வயதான பூனைக்கும் சிறுநீரகம் பழுதான பூனைக்கும் அது கெடுதல். மருத்துவர் எழுதித் தரும் சில உணவுகளில் உப்பை அளந்து கூட்டியிருப்பார்கள். அதைப் பார்த்து நாமே செய்யக் கூடாது.

பால் விஷயமும் அப்படித்தான். தாய்ப்பால் மறந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது. வயிற்றுப்போக்கு வந்தால் உள்ளே போனதைவிட அதிகம் வெளியே போய்விடும். கோடையில் நமக்கு இளநீரும் நுங்கும் தர்பூசணியும் இதம். பூனைக்கோ இனிப்புச் சுவையே தெரியாது. அதை உணரும் ஏற்பி அதன் நாக்கில் இல்லை. பழச்சாறு கலந்து ஆசை காட்டுவது வீண் வேலை. இறைச்சி மணம் ஒன்றுதான் எடுபடும்.

இனி எந்தத் தண்ணீர் என்பது. வேலூரில் ஒரே வீட்டில் மூன்று தண்ணீர் இருக்கும்: போர் தண்ணீர், குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர், இருபது லிட்டர் கேன். போர் தண்ணீர் பல தெருக்களில் வாயில் வைக்க முடியாத உப்பு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட இடங்களும் உண்டு. 1996இல் உச்ச நீதிமன்றம்வரை போய்த் தீர்ப்பு வந்த விவகாரம் அது. நீங்கள் குடிக்காத தண்ணீரைப் பூனைக்கும் வைக்காதீர்கள் என்பதே என் விதி. கேன், ஆர்.ஓ., காவிரித் தண்ணீர் எதுவானாலும் சரி. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை தூக்கலாக இருந்தால் அகலமான பாத்திரத்தில் பிடித்து, மெல்லிய துணியால் மூடி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். வாடை அடங்கிவிடும்.

உப்புத் தண்ணீரால்தான் பூனைக்குச் சிறுநீர்க் கல் வருகிறது என்று நம் பக்கத்தில் பலரும் நம்புகிறார்கள். அந்தக் கல்லில் ஒரு வகைக்கு மக்னீசியமும் ஒரு மூலப்பொருள், அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டரில் 50 மில்லிகிராம் மக்னீசியம் உள்ள கடினமான தண்ணீரை 100 மி.லி. குடித்தால் உடம்புக்குள் போவது 5 மில்லிகிராம். 60 கிராம் உலர் தீனியில் அதைப்போலப் பத்து மடங்கு மக்னீசியம் இருக்கும். கல்லுக்கும் சிறுநீர்ப்பை எரிச்சலுக்கும் பெரிய துணை கெட்டியான சிறுநீர்தான். போர் தண்ணீரால் வரும் கெடுதல் வேறு வகை: உப்புக் கரித்தால் பூனை குடிக்காது.

கிண்ணத்துக்கு வருவோம். வாய் அகலமாக, 15 செ.மீ. விட்டம், 4 அல்லது 5 செ.மீ. ஆழம். மீசை விளிம்பில் இடிக்காத கிண்ணத்தில் பல பூனைகள் நிதானமாகக் குடிக்கின்றன. விளிம்புவரை நிரப்புங்கள். பூனைக்குக் கண்ணுக்கு வெகு அருகில் உள்ளது தெளிவாகத் தெரியாது. நீர்மட்டம் ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே என்றிருந்தால் காலை விட்டுத் துழாவிக் கவிழ்க்கும். பொருள் எவர்சில்வர், பீங்கான், கண்ணாடி மூன்றில் எதுவானாலும் நல்லது. பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து அதில் வழுவழுப்பு படியும். தேய்த்தாலும் முழுக்கப் போகாது. மோவாயில் கறுப்புக் கறுப்பாகப் பொரி வந்திருந்தால் முதலில் பிளாஸ்டிக் கிண்ணத்தை மாற்றிப் பாருங்கள்.

கோடைக்கு மண்சட்டி அருமையான பொருள். மெருகு பூசாத சட்டியின் நுண்துளை வழியே கசிந்து ஆவியாகும் தண்ணீர், உள்ளே இருப்பதைக் குளிர்விக்கும். ஆனால் அதே துளைகளில் பாசியும் பிடிக்கும். இரண்டு சட்டி வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்: ஒன்று தண்ணீரோடு இருக்கும்போது மற்றது தேங்காய் நாரால் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவி, மொட்டை மாடி வெயிலில் காயட்டும். சோப்பு போட வேண்டாம், மண் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

எந்தக் கிண்ணமானாலும் தினமும் தண்ணீரை மாற்றும்போது உள்பக்கத்தைத் தேய்க்க வேண்டும். மேலே மேலே ஊற்றி நிரப்புவது மாற்றுவது ஆகாது. டெங்குவைப் பரப்பும் கொசு பாத்திரத்தின் ஓரத்தில் நீர்மட்டத்தை ஒட்டி முட்டை வைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை ஒட்டிக்கொண்டே இருக்கும். மாடியிலும் தோட்டத்திலும் தெருப்பூனைகளுக்குத் தண்ணீர் வைப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

வைக்கும் இடம் பலர் தவறும் விஷயம். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே தண்ணீரை வைப்பது நம் பழக்கம், பல பூனைகளுக்கு அது பிடிப்பதில்லை. ஒன்றரை இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள். மலத்தொட்டியிலிருந்து இன்னும் தள்ளி, முடிந்தால் வேறு அறையில். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி அத்தனை கிண்ணம். வீட்டில் ஒரு பூனை இன்னொன்றை மிரட்டுகிறது என்றால் எல்லாக் கிண்ணத்தையும் ஒரே இடத்தில் வைப்பது ஒரே கிண்ணம் வைத்ததற்குச் சமம். அடங்கிப் போகும் பூனை தாகத்தோடு நிற்கும். தளத்துக்கு நேர் கீழே உள்ள மேல்மாடி அறையைவிட மாடிப்படிக்குக் கீழ், குளியலறை ஓரம், தண்ணீர்ப் பானைக்குப் பக்கம் போன்ற குளிர்ந்த மூலைகள் நல்லவை. மதியம் ஒரு மணிக்கு மாடித் தொட்டிக் குழாயைத் திறந்து நிரப்பாதீர்கள், கை சுடும் தண்ணீர் வரும். விடியற்காலை பிடித்ததை ஒரு குடத்தில் வைத்துக்கொண்டு அதிலிருந்து ஊற்றுங்கள்.

கரண்டில் ஓடும் நீரூற்று வாங்கலாமா? குழாயடியில் போய் நின்று சொட்டுத் தண்ணீரை நக்கும் பூனையாக இருந்தால் வாங்கலாம். மற்றதற்குக் காசைப் போட்டு ஈர உணவு வாங்குவதே மேல். வாங்கினால் இரண்டு விஷயம் பாருங்கள். கரண்ட் போனாலும் திறந்த பரப்பில் தண்ணீர் நிற்க வேண்டும். மோட்டார் நின்றவுடன் தண்ணீரெல்லாம் மூடிய தொட்டிக்குள் இறங்கிவிடும் வகை நமக்கு ஆகாது. அடுத்தது உப்புப் படிவு. கடினமான தண்ணீரில் சில வாரத்திலேயே மோட்டாரின் சின்ன விசிறியில் வெள்ளையாகப் படிந்து ஓட்டம் குறையும், பிறகு இரைச்சல் வரும். வாரம் ஒருமுறை கழற்றி, சம அளவு வினிகரும் தண்ணீரும் கலந்து அரை மணி ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து நன்றாக அலசுங்கள். நீர்மட்டம் இறங்கி மோட்டார் காற்றை இழுத்தால் சூடேறி எரிந்துபோகும்.

பூனை உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அளக்கத்தான் வேண்டும். இங்கே ஒரு பிசகு நடக்கும். நம் ஊர் மே மாதத்தில் அகலக் கிண்ணத்திலிருந்து ஆவியாகிப் போவதே கணிசமான அளவு. அதையும் பூனை குடித்ததாக எண்ணிவிடுவோம். ஒரே மாதிரி இரண்டு கிண்ணம் எடுத்து, காலை ஆறு மணிக்கு இரண்டிலும் 300 மி.லி. ஊற்றுங்கள். ஒன்று பூனைக்கு, மற்றதை அதே அறையில் பூனை எட்டாத இடத்தில் வையுங்கள். மறுநாள் காலை பூனைக் கிண்ணத்தில் 205, எட்டாத கிண்ணத்தில் 265 என்றால், 35 மி.லி. ஆவியானது, 60 மி.லி. குடித்தது. ஒரு நாள் அளவை நம்பாதீர்கள். ஐந்து நாள் அளந்து சராசரி எடுத்து, உணவில் போன தண்ணீரையும் கூட்டுங்கள்.

அளக்க நேரமில்லாதவர்கள் மலத்தொட்டியைப் பாருங்கள். கட்டிபிடிக்கும் மணலாக இருந்தால் நாளொன்றுக்கு இரண்டு முதல் நான்கு சிறுநீர்க் கட்டி இருக்கும். ஈர உணவுக்கு மாறியதும் கட்டி பெரிதாகும். நாம் செய்வது பலிக்கிறது என்பதற்கு அதுவே சான்று. கட்டடத்துக்கு வாங்கிய மணலையே போட்டிருந்தால் கட்டி தெரியாது. அவ்வப்போது இரண்டு நாள் மட்டும் கட்டிபிடிக்கும் மணலைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறதா என்று அறியத் தோள்பட்டைத் தோலைத் தூக்கிவிட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. அது பிந்திச் சொல்லும் சோதனை. உடம்பெடையில் 5 சதவீத அளவு தண்ணீர் குறைந்தபின்தான் தோல் மெதுவாக இறங்கும். 4 கிலோ பூனைக்கு அது 200 மி.லி., ஒரு நாளின் முழுத் தேவை. கிழட்டுப் பூனைக்கும் மெலிந்த பூனைக்கும் தோல் எப்போதுமே மெதுவாகத்தான் இறங்கும், குண்டுப் பூனைக்கு எப்போதும் சட்டென்று இறங்கும். ஈறைத் தொட்டுப் பாருங்கள்: வழுக்க வேண்டும், பிசுபிசுவென்று விரலில் ஒட்டக் கூடாது. ஒட்டினால், கூடவே சாப்பிடாமல் ஒதுங்கிக் கிடந்தால், வீட்டு வைத்தியம் வேண்டாம். பிடித்து வைத்துச் சிரிஞ்சால் பீய்ச்சினால் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போய் நுரையீரல் கெடும். கால்நடை மருத்துவர் தோலுக்கடியில் உப்பு நீர் (சலைன்) ஏற்றுவார், சில நிமிட வேலை. பூனை வாயைத் திறந்து நாய் மாதிரி இரைத்தால் அது வெப்ப அதிர்ச்சியின் அறிகுறி. ஈரத் துணியால் உடம்பை நனைத்து, ஃபேனுக்குக் கீழே வைத்து, உடனே கிளம்புங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

ஆண் பூனை வைத்திருப்பவர்கள் இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். மலத்தொட்டிக்குப் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, குறியை நக்கிக்கொண்டே இருக்கிறது, ஒரு சொட்டும் வரவில்லை. பார்க்க மலச்சிக்கல் மாதிரி இருக்கும். பெரும்பாலும் அது சிறுநீர் அடைப்பு. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வயிற்றை அமுக்கக் கூடாது, தண்ணீரும் புகட்டக் கூடாது. அந்த இரவே எந்த மருத்துவரிடம் போவது, வண்டி எது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள்.

வெயில் போனதும் இதையெல்லாம் விட்டுவிடுவது வழக்கம். மார்கழிக் குளிரில் பூனை இன்னும் குறைவாகக் குடிக்கும், சோம்பிக் கிடந்து சிறுநீரை அடக்கும். அப்போதும் ஊறின தீனி தொடரட்டும், தண்ணீர் மட்டும் இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பாக.

பத்து வயது தாண்டிய பூனை திடீரென்று கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கிறது என்றால் சந்தோஷப்பட வேண்டாம். கிலோவுக்கு 100 மி.லி., அதாவது 4 கிலோ பூனை நாளொன்றுக்கு 400 மி.லி. குடித்தால் அது நோய்தான்: சிறுநீரகமோ, சர்க்கரையோ, தைராய்டோ. உலர் தீனி தின்னும் பூனை, வழக்கத்தைவிடத் திடீரென்று கூடி, அதில் பாதி குடித்தாலே ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. வீடெல்லாம் நனைக்கிறதே என்று கிண்ணத்தை எடுத்து ஒளித்து வைத்தால் அந்தப் பூனை இரண்டே நாளில் விழுந்துவிடும். கிண்ணம் நிரம்பியபடியே இருக்கட்டும். ஐந்து நாள் அளந்த கணக்கு, எடை, என்ன உணவு என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். காலையில் போட்ட முதல் சிறுநீரில் கொஞ்சம், சுத்தமான சின்ன டப்பாவில் பிடிக்க முடிந்தால் அதையும் சேர்த்து.